ஆணிக்கு ஒரு நல்லது

விராலிமலையில், திருச்சி ரோட்டு மேட்டுப் புளியமரத்தடியில் கூழ் விற்ற செவந்தியிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி சிரித்துக்கொண்டிருப்பாள். பாதி மூஞ்சி துருவேறிப் போன பிறகும் அவள் சிரிப்பை விடவில்லை. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் ஊருக்குள் கட்சி பிரிந்து கிடந்தது. தங்கம் என்றது ஒரு கட்சி. மலையாளத்து மந்திரத் தகடு என்றது இன்னொன்று. புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துத் தின்கிற கருவாடு என்றது மூன்றாவது.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த ரத்தினவேல் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "டப்பாவத் தூக்குறப்ப கலகலன்னு சத்தம் கேக்குதே. கருவாடு கலகலங்குமா?" என்று கேட்டு எல்லோரையும் யோசிக்க வைத்துவிட்டு, பதிலை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். அவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். ஒருநாள் அவள் மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டார்.

உள்ளே இருந்தது ஆணி. மாட்டு லாடத்து ஆணி.

அது முதல் எலெக்சன் நடந்து முடிந்த வருஷம். சனங்கள் வெயிலில் வரிசையாக நின்று ஓட்டுப் போட்டார்கள். பெட்டி நிறைந்தது, குளம் நிறையவில்லை. ஆடி வெறும் காற்றாய்ப் போனது, ஆவணி வெறும் பேச்சாய்ப் போனது. மலையில் மயில் தோகை விரித்தால் மழை வரும் என்பார்கள். அந்த வருஷம் மயிலும் ஆடிப் பார்த்துச் சலித்துப் போய்த் தோகையைச் சுருட்டிக்கொண்டு சோளக்காட்டுக்கு இரை பொறுக்கப் போய்விட்டது.

செவந்தியின் புருஷன் ஆண்டியப்பன் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, காலைச் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, லாடத்தை வைத்து ஆணி அடிப்பார். அடித்த ஆணியின் முனை குளம்பின் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கும். அதை மடக்கித் தட்டி அரத்தால் ராவி விட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். "மடக்காத ஆணியும் முடிச்சுப் போடாத தாலியும் ஒண்ணு" என்பார். வேலை நேரத்தில் எட்டு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பார், அதனால் பேச்சே இருக்காது. கட்டிக்கொண்டு வந்த புதிதில், தனக்கு வாய்த்தவர் ரொம்ப அடக்கமானவர் என்று செவந்தி நம்பினாள். சாயங்காலம் ஆணி வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு மயிலைக்காளை கயிற்றை அறுத்துக்கொண்டு உதைத்ததில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. கட்டுக் கட்டும் வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, "தைப்பூசம் வரைக்கும் காலத் தரையில ஊனப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்ல அவருக்கு அரை நிமிஷம். இவர்களுக்கு மூன்று மாசம்.

அப்போதுதான் செவந்தி புளியமரத்தடியில் கூழ்ப்பானையை இறக்கினாள். கேப்பைக் கூழ், மோர்மிளகாய், சுக்குக் காப்பி. முதல் நாள் விடியக்காலம் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மலையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

"ஏப்பா ஆறுமுகா, ஒனக்குப் பன்னெண்டு கண்ணு இருக்கே. அதுல ஒண்ணாச்சும் இங்கிட்டுத் திரும்பக் கூடாதா?"

கேட்டுவிட்டு அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கால் விழ வேண்டிய இடத்தில் ஒரு லாட ஆணி வளைந்த முனையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு விரற்கடை தப்பியிருந்தால் வீட்டில் இன்னொரு காலுக்கும் மூங்கில் பத்தை தேட வேண்டியிருக்கும்.

'திரும்பிட்டான்டி. ஒரு கண்ணு திரும்பிருச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். டீக்கடை மீனம்மாள், அதாவது ரத்தினவேலின் சம்சாரம், உப்பு வைத்துக்கொள்ளக் கொடுத்த பிஸ்கட் டப்பாவில் அதைப் போட்டாள். உப்புக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே மலையைப் பார்த்து ஒரு ஒப்பந்தமும் போட்டாள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் வெறுங்காலோடு இந்த மேட்டில்தான் ஏறி வருவார்கள். அதனால் ரோட்டில் ஆணியைக் கண்டால் எடுக்காமல் விடுவதில்லை. எடுத்த ஆணியை, அன்றைக்கு நடந்த ஒரு நல்லதைச் சொல்லாமல் டப்பாவில் போடுவதுமில்லை. ஆணிக்கு ஒரு நல்லது. புருஷன் கால் கூடிவிட்டால் மலைமேல் இருக்கிறவனுக்கு ஒரு கட்டுச் சுருட்டு.

அந்த மலையில் சுவாமிக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. ஆண்டியப்பனுக்கு அது மட்டும்தான் மனத்தாங்கல்.

"நான் ஒரு துண்டுச் சுருட்டு பாத்து ரெண்டு வாரமாச்சு. அவனுக்கு ஒரு கட்டா?"

"அவனுக்கு ஆறு வாயிங்க. ஒங்களுக்கு ஒண்ணுதான."

"அந்த ஒண்ணுக்கும் ஒண்ணுமில்லையே புள்ள!"

முதலில் ஒப்பந்தம் சுலபமாகத்தான் இருந்தது. நாளுக்கு ஒரு ஆணி கிடைத்தது, ஒரு நல்லது கிடைத்தது. பானையில் விரிசல் விட்டது, ஆனால் கழுத்தில் மட்டும் விட்டது. ஒரு ஆணி. மாமியார் பத்து நாள் தங்க வருவதாகச் சொல்லியனுப்பி, பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு ஆணி. அதைப் போடும்போது மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்ததும் ஆணி பெருகியது. ஒரே நாளில் நாலு, ஆறு, சந்தை நாளில் பத்து. நல்லது அந்த வேகத்துக்குப் பெருகவில்லை. கையில் ஏழு ஆணியை வைத்துக்கொண்டு, சொல்ல நல்லது அகப்படாமல் செவந்தி மரத்தடியில் உட்கார்ந்து நாலாபக்கமும் தேடுவாள். தேடினால்தான் கண்ணில் படுகிறது. பாயோரத்தில் ஊர்ந்த பூரானை மயில் வந்து கொத்திக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு வெள்ளாடு குட்டி போட்டு, ஒரு டம்ளர் சீம்பால் வந்தது. பல்வலியால் ஆண்டியப்பன் ஒரு பகல் முழுக்கத் திட்டவில்லை. மிளகாய் வற்றலைத் தூக்கிக்கொண்டு போன காக்காய், காரம் தாங்காமல் அதைக் கூரையிலேயே போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் பறந்தது. ஆணி இல்லாத வருஷங்களில் இதெல்லாம் நடக்காமலா இருந்திருக்கும்? நடந்திருக்கும். யார் பார்த்தது?

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அன்றைக்குக் கண்ட நல்லதையெல்லாம் புருஷனிடம் ஒப்பிப்பாள். ஆணியைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இத்தனை ஆணி கழன்று விழுகிறதென்றால், அவர் படுக்கையில் விழுவதற்கு முன்னால் கட்டிய லாடமெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது என்றுதானே அர்த்தம்? இருபது வருஷம் கட்டின பேர். தெரிந்தால் காலோடு மனசும் முறிந்துபோகும். அதனால் விடியுமுன்னே எழுந்து, வேறு கண் பார்க்குமுன்னே பொறுக்கி, டப்பாவில் போட்டு மூடிவிடுவாள்.

ஒருநாள் மட்டும் அவரிடம் யோசனை கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு நம்ம மேட்டுல ஒரு லாரி பஞ்சராச்சு. டிரைவரும் கிளீனரும் மூணு மொந்தை கூழு குடிச்சாங்க. இது நல்லதுல சேருமா?"

ஆண்டியப்பன் கூரையைப் பார்த்துப் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். "அடுத்தவன் டயரு வெடிச்சதுக்கு நீ கும்புடு போட்டா, அந்த டிரைவரும் அவஞ் சாமிகிட்ட முறையிடுவான்ல. ரெண்டு சாமிக்கும் இடையில எதுக்குச் சண்ட மூட்டுற? விட்டுரு."

செவந்தி அதைச் சேர்க்கவில்லை. ஆனால் சேர்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். எதிர்ச்சாரி ரத்தினவேல். பஞ்சராகிற லாரியெல்லாம் மேட்டில் அவள் பக்கமாக நிற்கிறது, டிரைவர்களெல்லாம் கூழ் குடிக்கிறார்கள், டீ ஆறிப்போகிறது. டப்பாவில் ஆணி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ரத்தினவேல் வாயோ அண்டா வாய்.

மார்கழிக் கடைசியில் ஆவூர்க்கார டிரைவர் அடைக்கலசாமியின் சிமெண்டு லாரி அதே மேட்டில் மூன்றாவது தடவையாகப் பஞ்சரானது. மனுஷன் நல்லவர்தான். லாரிக்குள் மாதா படம் வைத்து, பூப் போட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஆனால் மாதத்தில் மூன்று பஞ்சர் என்றால் எந்த நல்லவருக்கும் வாயில் வேறு பாஷை வந்துவிடும். ரத்தினவேல் மெதுவாகப் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டார்.

"அண்ணே, ஒங்க டயரக் குத்துனது ஆணியில்ல. ஆளு. அங்கிட்டு, பானைக்குப் பின்னால ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. ஓவர்சியரக் கூட்டிவந்து தெறந்து பாக்கச் சொல்லுங்க."

ரோட்டு ஓவர்சியர் தொப்பியோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஊர் வந்தது. டப்பா திறக்கப் போகிறார்கள் என்றதும் தங்கக் கட்சி, தகட்டுக் கட்சி, கருவாட்டுக் கட்சி மூன்றும் வேலையைப் போட்டுவிட்டு ஆஜர்.

ஓவர்சியர் ஒரு சாக்கை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். ஆணி கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று கட்சியும் தோற்றது.

"என்னம்மா இது?"

"ஆணிங்க."

"ஆணின்னு எனக்கும் தெரியுது. எதுக்கு வச்சிருக்க?"

"நல்லதுக்குங்க."

"யாரு நல்லதுக்கு? என் டயரு நல்லதுக்கா?" அடைக்கலசாமி துள்ளினார்.

"கவர்மெண்டு ரோட்டுல ஆணியப் போட்டு யாவாரம் பண்றியா?" என்றார் ஓவர்சியர். "கடையக் காலி பண்ணு."

செவந்தி கூழ்ப்பானையைப் பார்த்தாள். இந்த மரத்தடி போனால் அப்புறம் கூழ் விற்க இடமில்லை, குடிக்கவும் கூழ் இல்லை. ஆனாலும் அழவில்லை. மூன்று மாதமாக ஆணி பொறுக்கி ஒரு பழக்கம் வந்திருந்தது. கெட்ட நேரம் வந்தால் அவள் கண் தானாக வேறெதையோ தேடும்.

"போட்ட ஆணியில்லீங்க சாமி, பொறுக்குன ஆணி. ஒண்ணொண்ணுக்கும் ஒரு நல்லது இருக்கு. கேட்டுட்டுக் காலி பண்ணச் சொல்லுங்க."

ஓவர்சியர் கேலியாக ஓர் ஆணியைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு என்ன நல்லது?"

இருநூறுக்கு மேற்பட்ட ஆணியையும் அவளுக்கு அடையாளம் தெரியும் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். ஆணி மாறியிருக்கலாம். நல்லதில் ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

"அது கார்த்திகை பத்தாந் தேதிங்க. வீட்டுல பொட்டுத் தண்ணியில்ல. மீனம்மாக்கா, அண்ணனுக்குத் தெரியாம ஒரு கொடம் கொண்டாந்து ஊத்துச்சு."

ரத்தினவேல் பம்பரமாகத் திரும்பினார். "எந்தக் கொடம்? எந் தண்ணியா?"

கூட்டத்தில் ஒருத்தர் தொடையைத் தட்டிக்கொண்டார். "யோவ், அன்னைக்கு ஒரு நாளுதான்யா ஒங்கடையில டீ டீயா இருந்துச்சு! நானும் என்ன காரணம்னு தெரியாமக் கெடந்தேன்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கூட்டத்தோடு நின்ற மீனம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மெல்ல நழுவினாள். ஓட்டமும் நடையுமாக அவள் போன திசை ஆண்டியப்பன் வீட்டுத் திசை.

"டிரைவரண்ணே, ஒங்களுக்கும் ஒண்ணு இருக்கு" என்றாள் செவந்தி. "போன தடவ இங்க கூழு குடிச்சுட்டு, எங்க ஆத்தா கையால குடிச்ச மாதிரி இருக்குன்னீங்க. டயரு போனத நான் நல்லதுல சேக்கலண்ணே. அந்தச் சொல்லத்தான் சேத்தேன்."

அடைக்கலசாமி மீசையைத் தடவினார். திட்டுவதற்காகத் திறந்த வாயால், "ஆமா, சொன்னேன்" என்றார்.

ஓவர்சியருக்குச் சபலம் தட்டியது. "எனக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குங்க. போன வாரம் நீங்க சைக்கிள்ல இந்தப் பக்கம் வந்தீங்க. எங்கடையத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டீங்க. அதுக்கு ரெண்டு ஆணி போட்டேன்."

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார். தொப்பி ஏறியதும் உத்தியோகமும் ஏறிவிட்டது.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தன ஆணி எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொன்னா கடை இருக்கும். சொல்லாட்டி நாளைக்குக் காலையில இந்த எடம் காலியா இருக்கணும்."

இத்தனை நேரம் வாயாடியவள் இப்போது ஊமையானாள். 'எம் புருஷன் கட்டுன லாடத்துல இருந்துதான்' என்று ஊர் கூடியிருக்கிற இடத்தில் எப்படிச் சொல்வது? கடையைக் காப்பாற்றினால் அவர் பேர் போகும். பேரைக் காப்பாற்றினால் கடை போகும். மலையைப் பார்த்தாள். பன்னிரண்டு கண்ணும் எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"பேச்சக் காணோமே. பாத்தீங்களா?" என்றார் ரத்தினவேல்.

அந்தச் சமயத்தில் கீழேயிருந்து ஒரு கட்டை வண்டி மேடேறி வந்தது. அழகுமலை என்ற குடியானவரின் வைக்கோல் வண்டி. வைக்கோல் மேல், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவாமி புறப்பாடு மாதிரி ஆண்டியப்பன் உட்கார்ந்திருந்தார். மீனம்மாள் விஷயத்தைச் சொன்ன வேகத்தில் அந்த வழியாகப் போன வண்டியை மறித்து ஏறியிருக்கிறார்.

"எவன்டா எம் பொண்டாட்டி ஆணி போட்டாள்னு சொன்னது?"

இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிச் சாக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குவியலைப் பார்த்ததும் அவர் கோபம் எங்கோ போய்விட்டது. மூன்று மாதமாக ஆணியைத் தொடாத கை. ஒவ்வொன்றாக எடுத்து விரலில் உருட்டினார்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்க ஆணின்னு நெனச்சேங்க" என்றாள் செவந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆண்டியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பதினாறு வருஷமா என்கூடக் குப்ப கொட்டுறவ, என் ஆணி எதுன்னு தெரியல ஒனக்கு!"

பிறகு குவியலை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கைப்பிடி அளவு, தலை தேய்ந்து முனை வளைந்தவை. இன்னொரு பக்கம் மலைபோல், முனை நேராக நீட்டிக்கொண்டிருந்தவை.

"ஓவர்சியர் ஐயா, இங்கிட்டுப் பாருங்க. இது நான் அடிச்சது. முன மடக்குனது. முழுசாத் தேஞ்சாத்தான் விழும், விழுந்தாலும் டயருல ஏறாது. அது வேற ஆளு அடிச்சது. மடக்கவே இல்ல. மாடு மேட்டுல காலூணி இழுத்தா நழுவி விழுந்துரும். ஊசி கணக்கா நிக்கும். நான் படுத்தப்பறம் யாருகிட்டய்யா லாடம் கட்டுறீங்க?"

கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாகராசு. கார்த்திகையில் ஊருக்கு வந்த லாடக்காரன். நாற்பது வயசு, ஆட்டுக்கடா மீசை, ஒற்றை ஆளாகக் காளையைச் சாய்க்கிற பலம். ஆண்டியப்பன் ஒரு மாட்டை முடிக்கிற நேரத்தில் ஜோடியையே முடித்து அனுப்புவான். அந்த வேகத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. வேகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் மாட்டின் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார்கள். அழகுமலை தன் இடப்பக்கத்து மாட்டின் காலைத் தூக்கிப் பிடிக்க, அடைக்கலசாமி குனிந்து விரலால் ஓர் ஆணித் தலையை நெம்பினார். பழுத்த பல் மாதிரி கையோடு வந்தது. நேராக, கூராக.

"மாதாவே! இதத்தான் நான் டயருல இருந்து மூணு தடவ புடுங்கியிருக்கேன்" என்றார். செவந்தி பக்கம் திரும்பி, "தப்பாச் சொல்லிட்டேந் தங்கச்சி. நீ பொறுக்கலைன்னா மூணு முப்பதாயிருக்கும்" என்றார்.

ஓவர்சியர் தொப்பியை மறுபடி கழற்றினார். "கடை இருக்கட்டும். எனக்கு ஒரு மொந்தை ஊத்து." ரத்தினவேல் அவசரமாக, "ஐயாவுக்கு நான் ஒரு டீ போடுறேனே" என்றார். "மீனம்மா தண்ணி எடுத்துட்டுப் போற அன்னைக்கு வந்து குடிக்கிறேன்" என்றார் ஓவர்சியர். அந்தப் பேச்சு ஊருக்குள் தைப்பூசம் தாண்டியும் ஓடியது.

அடைக்கலசாமி போகும்போது குவியலில் ஒரு ஆணியைக் கேட்டு வாங்கி, மாதா படத்துக்குக் கீழே செருகி வைத்துக்கொண்டார். அது அவருடைய ஆத்தா கைக்கூழ்ப் பேச்சுக்கு உண்டான ஆணிதான் என்று செவந்தி சத்தியம் செய்தாள். மிச்சத்தைக் கொல்லுப்பட்டறைக்குக் கொடுத்தார்கள்.

மறுநாளே நாகராசு மீசையை முறுக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தான். ஆண்டியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒனக்குக் கயிறு வருது, சுத்தியல் வரல. எனக்குச் சுத்தியல் வரும், கயிறு புடிக்கக் காலு இல்ல. வாரியா?" என்றார். சண்டைக்கு வந்தவன் மீசையை விட்டுவிட்டான். அப்படியே கயிற்றைப் பிடித்தான். பழைய குடியானவர்களெல்லாம் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். இரண்டு மாதம் நாகராசைப் புகழ்ந்ததை மறக்கடிக்க ஆளாளுக்கு ஒரு தேங்காய் கொண்டுவந்தார்கள்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் வைத்தியர் கட்டைப் பிரித்தார். கால் கூடியிருந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் ஊன்றியது. செவந்தி மலையேறி ஒரு கட்டுச் சுருட்டைப் படைத்துவிட்டுப் பிரசாதமாக ஒன்றை வாங்கி வந்தாள். ஆண்டியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிப் பற்ற வைத்து, முதல் புகையை மலையைப் பார்த்து மரியாதையாக விட்டார்.

எல்லாம் சரி. செவந்திக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. கால் கூடின இத்தனை பெரிய நல்லதுக்குப் போட ஓர் ஆணி வேண்டாமா? பூசத்தன்று காலை மேட்டில் மேலும் கீழும் மூன்று தடவை நடந்தாள். காவடிக்காரர்கள் வெறுங்காலோடு ஆடிக்கொண்டு ஏறுகிறார்கள். அவள் மட்டும் குனிந்து தேடுகிறாள். ரோடு துடைத்துவிட்ட கூழ்மொந்தை மாதிரி கிடந்தது.

"நல்லதக் குடுத்துட்டு ஆணிய நிறுத்திட்டியேப்பா" என்று மலையிடம் முறையிட்டுவிட்டு நேராக லாடம் கட்டுகிற இடத்துக்குப் போனாள். நாகராசு ஒரு காளையைச் சாய்த்துப் பிடித்திருந்தான். ஆண்டியப்பன் குளம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உதட்டில் எட்டு ஆணி.

"ஏங்க, ஒரு ஆணி குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலி டப்பாவைப் பார்த்தார். உதட்டிலிருந்து ஒன்றை உருவி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மிச்சம் ஏழு ஆணிக்கு நடுவில் என்னவோ சொன்னார்.

"அண்ணன் என்ன சொல்றாரு?" என்றான் நாகராசு.

"யாருக்குத் தெரியும்? வாயில ஆணி இருக்குறப்ப அவரு கெட்டதா எதுவும் சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டு, செவந்தி ஆணியைக் காலி டப்பாவில் போட்டாள். முதல் ஆணி போட்ட நாளில் கேட்ட அதே ஒற்றைச் சத்தம் கேட்டது. மூடியை மூடினாள். சீமாட்டி மிச்சமிருந்த பாதி மூஞ்சியால் சிரித்துக்கொண்டிருந்தாள்.